பதினைந்து நிமிடத் தேத்தண்ணி

என் அறை யன்னல் விளிம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. சூடான கோப்பை வைத்த அடையாளம். நான் வைக்கவில்லை. வைத்திருந்தால் அதற்கொரு குட்டு வாங்கியிருப்பேன்; வாங்கிய குட்டு எதுவும் எனக்கு மறப்பதில்லை. கட்டிலைப் பார்த்தேன். காலையில் நான் சுருட்டி எறிந்துவிட்டுப் போன போர்வை நாலாக மடிந்து கிடந்தது. மெத்தையின் ஓரத்தில் யாரோ இருந்து எழும்பிய பள்ளம்.

அப்போது எனக்குப் பத்து வயது. வெம்பிளியில் எங்கள் வீட்டு மேல்மாடியில், ஒரு கட்டில் போட்டதும் கதவு பாதிக்கு மேல் திறக்க மறுக்கும் அந்தச் சின்ன அறைதான் உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே இடம். அதற்குள் யாரோ வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள். வகுப்பில் வாசிப்பென்றால் நான் கடைசி ஆள். ஆனால் சந்தேகப்படுவதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. விசாரணையை அன்றே தொடங்கிவிட்டேன்.

என்னைத் தவிர வீட்டில் இருந்தது மூன்று பேர். முதலாவது அப்பா. பெட்ரோல் ஷெட்டில் காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்து பின்னறை சோபாவில் இருந்தாரென்றால், படுக்கிற நேரம் வரும்வரை மாடிப்படி ஏறமாட்டார். இரண்டாவது சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஜேர்மனியில் இருந்து இரண்டு கிழமை நிற்க வந்தவர். வந்து பதினாலு மாதம். முன்னறை அவருடையது. அவர் ஒரு நாளைக்கு ஏழு தேத்தண்ணி குடிப்பார், ஆனால் அதற்காக எழும்பி நடந்ததாக வரலாறு இல்லை. மூன்றாவது அம்மா. அம்மாவை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஏனென்றால் அம்மா ஓர் இடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்து நான் பார்த்ததே கிடையாது.

எங்கள் வீட்டில் தேத்தண்ணி என்பது ஓர் ஒலியில் தொடங்கும். அப்பா வெறும் கோப்பையைக் கரண்டியால் தட்டுவார். சித்தப்பா இருமுவார். அவருக்குச் சளி இருமல் வேறு, தேத்தண்ணி இருமல் வேறு. அம்மாவுக்கு வித்தியாசம் தெரியும். நான் நாகரிகமானவன், ‘அம்மா’ என்று மட்டும் கத்துவேன். உடனே குசினியில் கேத்தில் கொதிக்கும். எல்லோருக்கும் போட்டபிறகு மிஞ்சியதை அம்மா சிங்குக்குப் பக்கத்தில் நின்றபடி, ஒரு கையால் கறியைக் கிளறிக்கொண்டு, மற்றக் கையால் வாய்க்குள் ஊற்றிவிடுவார். அதைக் குடிப்பது என்று சொல்ல முடியாது. பாத்திரம் காலியாக்குவது என்று சொல்லலாம்.

அந்தக் கிழமை முழுக்க எங்கள் நாலு மணித் தேத்தண்ணி நாலேகாலுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தவர் சித்தப்பா.

“ஜேர்மனியிலை நாலு மணியெண்டா நாலு மணிதான்” என்றார், இருமிக் களைத்துப்போய்.

மறுநாள் நாலு மணிக்கு நான் சத்தமில்லாமல் மாடி ஏறினேன். என் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல். நித்திரைக்கு முன்னால் பிள்ளைக்குக் கதை சொல்வதுபோல மெல்லிய, வழுவழுப்பான குரல். பழைய காலத்துக் கதவு, சாவி தொலைந்துபோய்ச் சாவித்துவாரம் மட்டும் மிச்சம் இருந்தது. கண்ணை வைத்தேன்.

என் கட்டிலில் அம்மா. நிமிர்ந்து இருந்தார். இரண்டு கையாலும் கோப்பையைப் பொத்திப் பிடித்திருந்தார். கண் மூடியிருந்தது. பக்கத்தில் கைபேசி. அந்தக் குரல் அதில் இருந்துதான் வந்தது. கோப்பையின் சூடு உள்ளங்கையில் எங்கே படுகிறது என்று பார்க்கச் சொன்னது. அம்மா பார்த்தார். மணத்தை இழுக்கச் சொன்னது. இழுத்தார். மனம் வேறெங்காவது ஓடினால் கோபப்படாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது. அம்மா தலையை ஆட்டினார்.

அம்மா யாருக்கும் அப்படித் தலையாட்டி நான் கண்டதில்லை. அப்பா சொன்னாலும் மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் செய்வார். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரி சொல்லச் சொல்ல மறுபேச்சில்லாமல் செய்கிறார் என்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். நல்ல துப்பறிவாளன் ஆதாரம் சேரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பானாம். எனக்கு அந்த வசதி இல்லை.

அம்மா ஒளிக்கவில்லை.

“வேலையிலை எங்கள் எல்லாருக்கும் ஒரு வகுப்பு வைச்சவை” என்றார். அவர் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில், விடியக்காலை ஆறு மணி ஷிப்டில் வேலை செய்தார். “தலையிடி, நெஞ்சுப் படபடப்பு இருக்கிற ஆக்களுக்கெண்டு. ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் ஒரு தேத்தண்ணியோடை தனிய இருக்கட்டாம். வேறை ஒண்டும் செய்யாமல். சூட்டைப் பாக்கிறது, மணத்தைப் பாக்கிறது, ருசியைப் பாக்கிறது. மனம் ஆறுமாம்.”

தலையிடியும் படபடப்பும் யாருக்கு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

“தேத்தண்ணி குடிக்க ஒரு வகுப்போ?” என்று அப்பா சிரித்தார்.

“அண்ணி, அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் குடிக்கத் தெரியாமலோ குடிச்சனாங்கள்?” என்றார் சித்தப்பா.

“நீங்கள் குடிச்சனீங்கள். நான் ஊத்தினனான்” என்றார் அம்மா.

“ஏன் என்ரை அறையிலை?” என்று நான் கேட்டேன்.

“வேறை எந்த அறையிலை ஆளோ சித்தப்பாவின்ரை பெட்டியளோ இல்லை, சொல்லு பாப்பம்.”

யோசித்துப் பார்த்தேன். முன்னறையில் சித்தப்பா, பின்னறையில் அப்பா, அவர்கள் படுக்கிற அறையில் சித்தப்பாவின் பெட்டிகள். கணக்குச் சரியாக வந்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அடுத்த சில நாட்கள் நாலு மணி தொடக்கம் நாலேகால் வரை எங்கள் வீடு ஆஸ்பத்திரி வரவேற்பறைபோல இருந்தது. மூன்று ஆண்கள் தொலைக்காட்சியை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேத்தில் குசினியில் சும்மாதான் இருந்தது. ஒரு நாள் அப்பா துணிந்து எழும்பிப் போனார். இரண்டு அலுமாரி திறந்து மூடிய சத்தம் கேட்டது. திரும்பி வந்து, “சீனி முடிஞ்சு போச்சுது போலை” என்றார். சீனிப் போத்தல் கேத்திலுக்குப் பக்கத்தில், கேத்திலைவிட உயரமாக நின்றது.

வெள்ளிக்கிழமை அப்பா சவுத்தாலுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கேதான் மாமி இருந்தார், அப்பாவின் அக்கா. எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் எது சரியில்லாமல் போனாலும் மாமி வந்து பார்த்து, அது இன்னும் மோசம் என்று உறுதிப்படுத்திவிட்டுப் போவார். சனிக்கிழமை மத்தியானம், வெஸ்ட் ஈலிங் கோயில் விபூதியும் இரண்டு நாளைக்கு மாற்று உடுப்புமாக வந்து இறங்கினார்.

நாலு மணிக்கு அம்மா மேலே போனதும் பின்னறையில் கூட்டம் கூடியது. நான்தான் சாட்சி. கண்ட காட்சியை நடித்துக் காட்டினேன். கோப்பைக்குப் பதிலாகச் சித்தப்பாவின் தொப்பி.

“கண்ணை மூடுறாள்” என்று மாமி விரலை மடக்கினார். “தலையைக் குனியிறாள். வெள்ளைக்காரி சொல்லச் சொல்லத் தலையாட்டுறாள். தம்பி, உது தேத்தண்ணி இல்லை. உது சேர்ச், மதம் மாத்திற வேலை. தேத்தண்ணியைக் காட்டித்தான் கூப்பிடுவினம்.”

“ஜேர்மனியிலை எங்கடை பக்கத்து வீட்டு மனுசியும் உப்பிடித்தான்” என்றார் சித்தப்பா. “முதல் தனிய இருந்து கோப்பி குடிச்சவ. மூண்டு மாசத்திலை தனிய வீடெடுத்திட்டா.”

அப்பாவின் முகம் கொஞ்சம் வெளுத்தது. “அவ மனம் ஆறுதெண்டு சொல்லுறா அக்கா. பொய் சொல்லுற ஆளில்லை.”

“இண்டைக்குக் கால் மணித்தியாலம். நாளைக்கு அரை மணித்தியாலம். பேந்து ஒரு நாள் அந்தக் கதவு திறக்காது” என்றார் மாமி. “நான் திங்கக்கிழமை போக முதல் நீ இதை நிப்பாட்டிப் போடு.”

கதவு திறக்காது என்றது எனக்கு நெஞ்சுக்குள் போய் நின்றது. என் கட்டில் உள்ளே. என் அம்மாவும் உள்ளே. அப்போதுதான் என் வாழ்நாளின் ஒரே விஞ்ஞான யோசனை எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசோதனைக்காவது எனக்கு யோசனை வந்திருந்தால் இன்றைக்கு நான் வான் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

“தேத்தண்ணிக்குள்ளை உப்பைப் போட்டுப் பாப்பம்” என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

“அம்மா உண்மையாய் ருசியைக் கவனிச்சால் துப்புவா. கவனிக்காட்டி, மனம் வேறை எங்கேயோ.”

மாமி என் தலையைத் தடவினார். “என்ரை ராசா. எங்கடை பக்கத்துப் புத்தி.”

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அம்மாவிடம் நேரே போய்க் கேட்பதைவிட உப்பு அவருக்கு இலேசாகப் பட்டிருக்க வேண்டும். கடைசியில் ஒப்பந்தம் இதுதான்: அம்மா துப்பினால், அவருடைய கால் மணித்தியாலத்தில் இனி யாரும் கை வைப்பதில்லை, மாமியும் வாய் திறப்பதில்லை. துப்பாமல் குடித்தால் எல்லாம் பொய், அன்றைக்கே அப்பா நிறுத்தச் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, நாலுக்கு ஐந்து நிமிடம். அம்மா குசினியில் தன் தேத்தண்ணியைப் போட்டுச் சீனி கலக்கி வைத்த நேரம் பார்த்து முன்னறையில் இருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

“அண்ணி, ரிமோட் எங்கை?”

ரிமோட் அவருடைய தொடைக்குக் கீழே இருந்தது. அம்மா போனார். நான் உள்ளே பாய்ந்து, குவித்து இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினேன். கரண்டியை வைக்கவும் அம்மா திரும்பி வரவும் சரியாக இருந்தது.

“என்ன குசினிக்குள்ளை?”

“தண்ணி குடிக்க வந்தனான்.”

“குடிச்சிட்டியோ?”

“ஓம்.”

என் கையிலும் பக்கத்திலும் ஒரு கிளாஸ் கூட இல்லை. அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நானும் ஏறிப் போய்த் துவாரத்தில் கண்ணை வைத்தேன்.

அம்மா காலைச் சேர்த்து இருந்தார். குரல் தொடங்கியது. சூடு. மணம். பிறகு, ஒரு மிடறு குடித்து அதை நாக்கில் வைத்திருக்கச் சொன்னது. அம்மா குடித்தார்.

கண் திறந்தது.

கோப்பைக்குள் பார்த்தார். கன்னம் உப்பியபடி, விழுங்காமல், அப்படியே இருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். துவாரத்துக்கு அந்தப் பக்கம் என் கண் தெரியுமா தெரியாதா என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதே நேரம் கீழே சித்தப்பா இருமினார். தேத்தண்ணி இருமல். அதைத் தொடர்ந்து அப்பாவின் கரண்டி, டிங் டிங்.

குரல் சொன்னது: ருசி நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இருக்கிறபடி கவனியுங்கள்.

அம்மா விழுங்கினார். கண்ணை மூடினார். இரண்டாவது மிடறு குடித்தார். பிறகு மூன்றாவது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து, அடி தெரியும்வரை குடித்து முடித்தார். முடித்தபிறகும் வெறும் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, குரல் ஓயும்வரை எழும்பவில்லை.

நான் படிகளில் சறுக்கிக்கொண்டு இறங்கினேன். “முழுக்கக் குடிச்சிட்டா! துப்பவே இல்லை!”

“பாத்தியளே?” என்றார் மாமி. அந்தச் சந்தோஷத்தை வேறொருவராக இருந்தால் மறைத்திருப்பார். “தம்பி, இனி நீ கதை.”

அம்மா வெறும் கோப்பையோடு இறங்கி வந்தார். அப்பா குசினி வாசல் வரைக்கும் பின்னால் போனார். நாங்கள் மூவரும் அவருக்குப் பின்னால்.

“இஞ்சேரும்” என்று அப்பா தொண்டையைச் செருமினார். “தேத்தண்ணி எப்பிடி இருந்தது?”

“நல்லா இருந்தது.”

“ருசி?”

“கவனிச்சுத்தான் குடிச்சனான்.” அம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். கேத்திலைப் போட்டார். எங்கள் நாலு பேருடைய கோப்பைகளையும் வரிசையாக அடுக்கினார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, “உங்களுக்கு எத்தினை கரண்டி?” என்று கேட்டார்.

பதினைந்து வருடம் அப்பாவுக்குத் தேத்தண்ணி போட்டவர் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை. அப்பா தடுமாறி, “ரெண்டு” என்றார்.

“சீனிதானே?”

சித்தப்பாவுக்கு இருமல்கூட வரவில்லை. அப்பா சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிப் போய்ச் சோபாவில் இருந்துகொண்டார்.

தேத்தண்ணி தட்டில் வந்தது. நாலு கோப்பை. அம்மா வைத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் நாலு பேரும் சுற்றியிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாமி தன் கோப்பையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய் மணத்தை இழுத்தார். சித்தப்பா இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து உள்ளே ஏதாவது மிதக்கிறதா என்று ஆராய்ந்தார். அப்பா விரல் நுனியால் தொட்டு நக்கப் பார்த்துச் சூட்டில் கையை உதறினார்.

“டேய், நீ முதல் குடி” என்றார் மாமி.

“ஏன் நான்?”

“நீதானே போட்டனீ.”

குடித்தேன். கொஞ்சமாக, நாக்கின் நுனியில் வைத்து. இனித்தது. இனிப்புக்குக் கீழே வேறேதும் இருக்கிறதா என்று தேடித் தேடி விழுங்கினேன். மற்றவர்களும் ஒவ்வொரு மிடறாக, கண்ணைச் சுருக்கி, ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார்கள். தொலைக்காட்சியை யாரும் போடவில்லை. அந்தக் கைபேசி வெள்ளைக்காரி பார்த்திருந்தால் எங்கள் நாலு பேருக்கும் சான்றிதழ் கொடுத்திருப்பாள்.

மாமி திங்கட்கிழமைவரை காத்திருக்கவில்லை. அன்று பின்னேரமே சவுத்தாலுக்குப் போய்விட்டார். அப்பா நிறுத்தச் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய நாக்கில் சீனி ஒட்டிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் நாலு மணிக்கு அம்மா வழக்கம்போல என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

எனக்கு மட்டும் விசாரணை முடியவில்லை. அம்மாவுக்கு உப்புத் தெரிந்திருக்கிறது. முதல் மிடறிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் அடிவரைக்கும் குடித்தார்? ஜேர்மனியில் வயிறு சுத்தமாக அப்படித்தான் குடிப்பார்கள் என்றார் சித்தப்பா. ஏதோ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாள் என்று மாமி தொலைபேசியில் சொன்னார். என்னைப் பிடித்துக் காட்டத்தான் வேண்டுமென்று குடித்தார் என்பது என் முடிவு. பொறுக்க முடியாமல் அம்மாவிடமே கேட்டேன்.

“உப்பெண்டு தெரிஞ்சும் ஏனம்மா குடிச்சனீங்கள்?”

“சூடா இருந்தது” என்றார் அம்மா, வெங்காயம் வெட்டிக்கொண்டே.

அது ஒரு பதிலா என்று எனக்குக் கோபம் வந்தது. சாட்சி மழுப்புகிறார் என்று முடிவுகட்டிக்கொண்டேன். அந்தக் கோப்பையை ஊற்றிவிட்டு வேறு போடுவதென்றால் கதவைத் திறக்க வேண்டும். பதின்மூன்று படி இறங்க வேண்டும். இறங்கிய இடத்தில் ஒருவர் இருமிக்கொண்டும் ஒருவர் கரண்டியைத் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். மூன்றாவது ஆள் கதவுக்கு வெளியே துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, அம்மாவின் கால் மணித்தியாலத்தில் இன்னும் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது. அதை எங்களுக்குக் கொடுப்பதைவிட உப்பைக் குடித்துவிடலாம் என்று ஒரு மனுசி கணக்குப் போடுவாள் என்பது அந்தத் துவாரத்தால் பார்த்தவனுக்குத் தெரியவில்லை.